உண்மையான ஆல்ரவுண்டர் யார்? அளவுகோல்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தால்

பேட்டிங் சராசரியிலிருந்து (ஒருமுறை ஆட்டமிழப்பதற்குள் எடுக்கும் ரன்) பவுலிங் சராசரியை (ஒரு விக்கெட்டுக்குக் கொடுக்கும் ரன்; குறைந்தால் நல்லது) கழித்து, மிச்சம் யாருக்கு அதிகமோ அவரே சிறந்த ஆல்ரவுண்டர் என்று முடிவுகட்டினால், கேரி சோபர்ஸை ஓரங்கட்டிவிட்டு டொனால்ட் பிராட்மேன் முன்னால் வந்து நிற்பார். பேட்டிங் சராசரி 99.94. 52 டெஸ்டுகளில் எடுத்தது இரண்டே விக்கெட், சராசரி 36. கழித்தால் 63.94. சோபர்ஸுக்கு வருவது 23.75தான். இந்த முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அந்தப் பதில்கள்தான் இன்று புழக்கத்தில் இருக்கும் அளவுகோல்கள்.

நல்ல பேட்ஸ்மேன் கொஞ்சம் பந்து வீசினால் அவர் ஆல்ரவுண்டரா? நல்ல பவுலர் எட்டாவது இடத்தில் இறங்கி 30 ரன் அடித்தால்? இரண்டும் சுமாராகத் தெரிந்த, இரண்டிலும் தனியாக நிற்க முடியாத இரண்டுங்கெட்டானை எங்கே சேர்ப்பது? தேர்வாளருக்கு இவை வெறும் விவாதக் கேள்விகள் அல்ல. ஆறாம் இடத்தில் யாரைப் போடுவது, ஐந்தாவது பவுலர் வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தவை. கீழே வரும் அளவுகோல்களில் எதுவும் தனியாக நின்று போதாது. எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடலாம்: ‘உண்மையான ஆல்ரவுண்டர்’ என்ற பட்டத்தை ஒருவரின் முழு வாழ்க்கைக்கும் சேர்த்துக் கொடுப்பதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். அதை இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை என்று காலம் குறித்துக் கொடுத்தால் பல சண்டைகள் தானாகவே தீரும்.

ஒரு கையைக் கட்டிவிட்டாலும் அணியில் இடம் உண்டா?

பழைய ஆட்டக்காரர்கள் பெரிதும் நம்பும் சோதனை இது. பந்து வீசத் தெரியாது என்று வைத்துக்கொண்டால் பேட்ஸ்மேனாக மட்டும் அணிக்கு வருவாரா? பேட் பிடிக்கத் தெரியாது என்று வைத்துக்கொண்டால் பவுலராக மட்டும் வருவாரா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் ஆல்ரவுண்டர்.

கற்பனையாகவே கேட்கப்படும் இந்தக் கேள்விக்குச் சில நேரம் நிஜத்திலேயே விடை கிடைத்துவிடும், பெரும்பாலும் காயத்தால். 1983-84இல் ஆஸ்திரேலியா போன இம்ரான் கானுக்குக் கீழ்க்காலெலும்பில் விரிசல். பந்து வீச முடியவில்லை. வெறும் பேட்ஸ்மேனாக டெஸ்ட் ஆடினார். மெல்போர்னில் 83, அடுத்த இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 72. அவர் பவுலராக மட்டும் அணியில் இருப்பாரா என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆக இரண்டு பக்கமும் தேறிவிட்டார். பென் ஸ்டோக்ஸ் 2023 உலகக் கோப்பையில் முழங்கால் தொல்லையோடு வெறும் பேட்ஸ்மேனாக ஆடினார். 2024இல் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட கேமரூன் கிரீன், 2025 டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் பந்தைத் தொடாமல் மூன்றாம் இடத்தில் பேட் செய்தார். இவர்களுக்கு பேட்டிங் பக்க விடை கிடைத்துவிட்டது. பவுலிங் பக்கம் தனியாகக் கேட்க வேண்டும்.

இந்தச் சோதனையில் சந்தேகமே இல்லாமல் தேறுகிறவர்களில் ஒருவர் வினு மன்காட். 1952 லார்ட்ஸ் டெஸ்டில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, இந்தியா எடுத்த 235இல் 72 அவருடையது. பிறகு இங்கிலாந்து 537 எடுத்தபோது 73 ஓவர் வீசி 196 ரன் கொடுத்து 5 விக்கெட். மறுபடியும் தொடக்க ஆட்டக்காரராக வந்து 184. இந்தியா தோற்றது என்பது வேறு விஷயம். அணியின் முதல் பேட்ஸ்மேனும் அவரே, முதல் பவுலரும் அவரே. கீத் மில்லரும் அப்படித்தான்: ரே லிண்ட்வாலோடு புதுப் பந்தைப் பகிர்ந்துகொண்டவர், பேட்டிங்கில் மேல் ஐவரில் ஒருவர்.

சோதனை எங்கே தடுமாறுகிறது? ‘எந்த அணி?’ என்ற கேள்வியில். ஷகிப் அல் ஹசனின் டெஸ்ட் பேட்டிங் சராசரி 37.77. வங்கதேச அணியில் அது முதல் வரிசை. அதே காலத்து வலுவான அணியொன்றில் ஆறாம் இடத்துக்கே போட்டி போட வேண்டியிருக்கும். மறுபக்கம் ஜாக் காலிஸ். ஆலன் டொனால்ட், ஷான் பொல்லாக், மகாயா என்டினி, டேல் ஸ்டெய்ன் என்று வரிசை கட்டி நின்ற தென்னாப்பிரிக்காவில் பந்து வீச்சுக்காக மட்டும் காலிஸை எடுத்திருப்பார்களா? மாட்டார்கள். ஆனால் டெஸ்டில் 292 விக்கெட் எடுத்தவரை ‘ஆல்ரவுண்டர் இல்லை’ என்று சொல்லவும் நாக்கு எழாது. சோபர்ஸே இந்தச் சோதனையில் திணறுகிறார். வேகம், இடது கை சுழல், மணிக்கட்டுச் சுழல் என மூன்று விதமாக வீசினாலும், ஒரு விக்கெட்டுக்கு அவருக்கு ஏறத்தாழ 92 பந்துகள் தேவைப்பட்டன. காலிஸுக்கு 69தான். சோபர்ஸையும் காலிஸையும் வெளியே தள்ளும் வடிகட்டியில் கண் சற்றுச் சிறிதாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இடத்தைப் பொறுத்தும் விடை மாறும். ரவீந்திர ஜடேஜா இந்திய மண்ணில் பவுலராக மட்டுமே அணிக்குள் வந்துவிடுவார். இங்கிலாந்தில் கதை வேறு. 2021 தொடரில் ரவிச்சந்திரன் அஸ்வினை வெளியே உட்காரவைத்துவிட்டு ஜடேஜாவை ஆடவைத்தார்கள் என்றால், அதற்கு அவருடைய பேட்டிங்தான் பெரிய காரணம். 2025 இங்கிலாந்துத் தொடரில் 516 ரன் குவித்தார், பந்தில் ஏழே விக்கெட். உள்ளூரில் பவுலராகத் தேறி, வெளியூரில் பேட்ஸ்மேனாகத் தேறுகிறவர் இந்தச் சோதனையில் தேறினாரா இல்லையா? தேறினார் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் சோதனை எழுதியிருக்கும் விதத்தில் அதற்கு இடமில்லை.

சராசரி வித்தியாசம்

அடுத்தது, தொடக்கத்தில் பார்த்த கழித்தல் கணக்கு. எளிது, அலைபேசியிலேயே போட்டுவிடலாம், அதனால்தான் இவ்வளவு பரவியிருக்கிறது. பிராட்மேன் பிரச்சினையைத் தீர்க்க ஒரு வாசற்படி போதும்: டெஸ்டுக்குச் சராசரியாக இரண்டு விக்கெட்டாவது எடுத்திருக்க வேண்டும். வாலி ஹாமண்ட் (பேட்டிங் 58.45, பவுலிங் 37.80, 85 டெஸ்டில் 83 விக்கெட்) இதிலேயே நின்றுவிடுவார். காலிஸும் 1.8தான் என்பதால் படியில் கால் தடுக்கும். அவரைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

| வீரர் | டெஸ்ட் | பேட்டிங் | பவுலிங் | வித்தியாசம் | இன்னிங்ஸுக்கு ரன் | டெஸ்டுக்கு விக்கெட் |
|---|---|---|---|---|---|---|
| சோபர்ஸ் | 93 | 57.78 | 34.03 | +23.75 | 50.2 | 2.5 |
| காலிஸ் | 166 | 55.37 | 32.65 | +22.72 | 47.5 | 1.8 |
| இம்ரான் | 88 | 37.69 | 22.81 | +14.88 | 30.2 | 4.1 |
| மில்லர் | 55 | 36.97 | 22.97 | +14.00 | 34.0 | 3.1 |
| பொல்லாக் | 108 | 32.31 | 23.11 | +9.20 | 24.2 | 3.9 |
| டோனி கிரெக் | 58 | 40.43 | 32.20 | +8.23 | 38.7 | 2.4 |
| இயன் போத்தம் | 102 | 33.54 | 28.40 | +5.14 | 32.3 | 3.8 |
| ரிச்சர்ட் ஹேட்லி | 86 | 27.16 | 22.29 | +4.87 | 23.3 | 5.0 |
| கபில் தேவ் | 131 | 31.05 | 29.64 | +1.41 | 28.5 | 3.3 |
| மன்காட் | 44 | 31.47 | 32.32 | −0.85 | 29.3 | 3.7 |
| ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் | 79 | 31.77 | 32.78 | −1.01 | 29.6 | 2.9 |

முந்தைய சோதனையில் முதல் ஆளாகத் தேறிய மன்காட் இங்கே பூஜ்யத்துக்குக் கீழே கிடக்கிறார். ஒரே ஆளுக்கு இரண்டு அளவுகோல்கள் இரண்டு தீர்ப்பு சொல்கின்றன.

அட்டவணையில் ஆறாவது நெடுவரிசையைக் கவனியுங்கள். சராசரி என்பது ஆட்டமிழந்த தடவைகளால் வகுப்பது. கீழ் வரிசையில் இறங்குகிறவர் மறுமுனையில் விக்கெட்டுகள் சரிந்து நாட் அவுட்டாக நிற்பது வழக்கம். அவருடைய சராசரி வீங்கும். பொல்லாக் 156 இன்னிங்ஸில் 39 முறை நாட் அவுட். சராசரி 32.31 என்கிறது, ஆனால் இறங்கிய ஒவ்வொரு தடவையும் அணிக்குக் கிடைத்தது 24 ரன்தான். போத்தம் 161 இன்னிங்ஸில் ஆறே முறை நாட் அவுட். சராசரிக்கும் இன்னிங்ஸ் ரன்னுக்கும் ஒரு ரன்தான் இடைவெளி. சராசரியில் தோளோடு தோள் நிற்கும் இருவர், உள்ளே போய்ப் பார்த்தால் எட்டு ரன் தள்ளி நிற்கிறார்கள். பொல்லாக் பிரமாதமான பவுலர், எட்டாம் இடத்தில் கிடைத்த வரம். ஆனால் போத்தம் செய்த வேலை வேறு. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் சராசரிக்குப் பக்கத்தில் ‘மொத்த ரன் வகுத்தல் இன்னிங்ஸ்’ என்று ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏழாம் இடத்துக்குக் கீழே ஆடுகிறவர்களை ஒப்பிடும்போது இதைச் செய்யாமல் பேசவே கூடாது.

இந்தக் கணக்கின் இன்னொரு குறை காலம். ஃபிளின்டாஃப் 1998இல் வந்தார். முதல் சில ஆண்டுகள் இரண்டிலும் சொதப்பல். 2005 ஆஷஸில் (இங்கிலாந்து-ஆஸ்திரேலியா தொடர்) 402 ரன், சராசரி 40.20, 24 விக்கெட், சராசரி 27.29. அந்தத் தொடரில் அவர் ஆல்ரவுண்டரா என்று கேட்டால் சிரிப்பார்கள். மொத்தக் கணக்கோ −1.01 என்கிறது. போத்தம் இதற்கு நேர் எதிர்: 21 டெஸ்டில் 1000 ரன், 100 விக்கெட், 42 டெஸ்டில் 2000, 200. பிற்பாதி முழுக்கச் சரிவு. இம்ரானைப் பிரித்தால் இன்னும் வியப்பு: கடைசிப் பத்தாண்டுகளில் பேட்டிங் ஏறத்தாழ 50, பவுலிங் ஏறத்தாழ 19. இளம் இம்ரான் பேட் பிடிக்கத் தெரிந்த வேகப்பந்து வீச்சாளர்; 1980களின் இம்ரான் வேறு ஆள். மூவரையும் முழு வாழ்க்கைச் சராசரியால் ஒப்பிடுவது மூவருக்கும் அநியாயம்.

ரன்னும் விக்கெட்டும் சேர்ந்த இரட்டை மைல்கல்

ஆயிரம் ரன், நூறு விக்கெட். மூவாயிரம் ரன், முன்னூறு விக்கெட். தொலைக்காட்சித் திரையில் அழகாக இருக்கும், தேர்வுக்கு உதவாது. ஷேன் வார்ன் 3154 ரன், 708 விக்கெட். ஒரு சதம்கூட இல்லை, அதிகபட்சம் 99. ஸ்டூவர்ட் பிராட் 3662 ரன், சராசரி 18.03. இருவரும் 3000-300 பட்டியலில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீண்ட நாள் ஆடினால் மைல்கல் வந்தே தீரும்.

எத்தனை ஆட்டத்தில் எட்டினார் என்று பார்த்தால் மட்டும் கொஞ்சம் பயன் உண்டு. மன்காட் 23 டெஸ்டில் 1000-100ஐத் தொட்டார். போத்தம் வந்து 21 ஆக்கும்வரை அதுதான் சாதனை. சராசரிக் கணக்கில் தோற்ற மன்காட் இங்கே மறுபடி மேலே வருகிறார். 6000 ரன், 200 விக்கெட் என்று உயர்த்தினால் சோபர்ஸ், காலிஸ், ஸ்டோக்ஸ் என்று சுருங்கும். ஆனால் அந்த உயரத்தில் தெரிவது பேட்டிங் பக்கம் சாய்ந்தவர்கள்தான்.

சதமும் ஐந்து விக்கெட்டும்

சராசரி காட்டாத ஒன்றை இது காட்டும்: தனி ஆளாக ஆட்டத்தைத் திருப்பும் திறன் இரண்டு பக்கமும் இருந்ததா? 30 ரன்னும் 2 விக்கெட்டும் எடுத்துக்கொண்டே போனால் சராசரி ஒழுங்காகத்தான் இருக்கும், ஆட்டம் மாறாது. சதங்களையும் ஐந்து விக்கெட் இன்னிங்ஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். காலிஸ் 45–5. சோபர்ஸ் 26–6. ஹேட்லி 2–36. பொல்லாக் 2–16. அஸ்வின் 6–37. இம்ரான் 6–23. கபில் 8–23. போத்தம் 14–27. மன்காட் 5–8. மில்லர் 7–7. ஃபிளின்டாஃப் 5–3. யார் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சராசரிகளை அரைமணி நேரம் முறைத்துப் பார்த்தாலும் இது இவ்வளவு பளிச்சென்று தெரியாது.

பத்து டெஸ்டுக்கு ஒரு சதம், ஒரு ஐந்து விக்கெட், இரண்டும் வேண்டும் என்று கோடு போட்டால்? மில்லர், போத்தம், மன்காட் தேறுகிறார்கள். யாரும் பெரிதாகப் பேசாத டோனி கிரெக்கும் (8–6, 58 டெஸ்ட்) உள்ளே வந்துவிடுகிறார். சோபர்ஸ், காலிஸ், இம்ரான், கபில் நால்வரும் வெளியே! கோடு கடுமைதான், ஆனால் கிரெக்கை நினைவுபடுத்தியதற்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் என்பது உச்சம். ஆண்கள் டெஸ்டில் மூவர்தான்: 1980 மும்பையில் போத்தம் (114, 6/58, 7/48), 1983 ஃபைசலாபாத்தில் இம்ரான், 2014 குல்னாவில் ஷகிப். ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன்பே, 1958 மெல்போர்னில், பெண்கள் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன் இங்கிலாந்துக்கு எதிராக 7 ரன் கொடுத்து 7 விக்கெட், பிறகு சதம், பிறகு இன்னும் 4 விக்கெட் எடுத்து முடித்துவிட்டார். இத்தகைய பட்டியல் ரசிக்கத்தான். வாழ்வில் ஒருமுறை நடக்கும் விஷயத்தை வைத்து அணி எடுக்க முடியாது. அஸ்வின் ஒரே டெஸ்டில் சதமும் ஐந்து விக்கெட்டும் நான்கு முறை எடுத்திருக்கிறார், போத்தம் ஐந்து முறை. அதற்காக அஸ்வினை ஆறாம் இடத்தில் இறக்குவோமா? 25.75 சராசரி வேண்டாம் என்கிறது.

ஐசிசி தரவரிசை

ஐசிசி ஆல்ரவுண்டர் பட்டியல் எப்படி வருகிறது என்று பலர் பார்ப்பதில்லை. பேட்டிங் தரப்புள்ளியையும் பவுலிங் தரப்புள்ளியையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கிறார்கள். கூட்டாமல் பெருக்குவது நல்ல யோசனை: 900 பேட்டிங், 0 பவுலிங் என்றால் விடை பூஜ்யம். பிராட்மேன் பிரச்சினை இங்கே எழவே எழாது. 600ஐ 600ஆல் பெருக்கினால் 360; 900க்கு 300 என்றால் 270. சமநிலைக்குப் பரிசு கிடைக்கிறது.

ஆனாலும் ஒரு ஓட்டை உண்டு. 850 பவுலிங், 250 பேட்டிங் உள்ளவருக்கு 212. இரண்டிலும் 450 உள்ளவருக்கு 202. எட்டாம் இடத்தில் ஆடும் தலைசிறந்த பவுலர் ஒருவர், இரண்டிலும் உருப்படியான ஆறாம் இடத்துக்காரரை முந்திவிடுவார். தரவரிசையில் முதல் ஐந்தில் பெயர் இருக்கிறதே என்று அவரை மேலே இறக்கினால் அடி வாங்குவது உறுதி. ‘இப்போது யார்?’ என்பதற்கு இந்தப் பட்டியல் நல்ல விடை தருகிறது. ‘எந்த இடத்துக்கு?’ என்பதற்குத் தருவதில்லை.

சுமை: எத்தனை ஓவர், எந்த இடம்?

இனி நான் முதலில் வைக்கும் அளவுகோல். எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்கு முன், செய்யச் சொன்னார்களா என்று பார்ப்பது. கேப்டன்கள் பொய் சொல்வதில்லை. ஒருவரை நம்பினால் பந்தைக் கொடுப்பார்கள், நம்பாவிட்டால் பவுண்டரிக்கு அனுப்பிவிடுவார்கள்.

டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர். நான்கு பவுலர்கள் என்றால் ஆளுக்கு இருபத்திரண்டரை. ஐந்தாவது ஆள் வந்தால் 18. வேகப்பந்து வீச்சாளருக்கு அந்த நாலரை ஓவர் குறைவதுதான் மாலை நேர ஸ்பெல்லில் (தொடர்ந்து வீசும் ஓவர்கள்) வேகம் மிஞ்சியிருக்கக் காரணம். இந்த வேலையைச் செய்கிறாரா என்பதே கேள்வி. மொத்தப் பந்துகளை ஆட்டங்களால் வகுத்து ஆறு பந்து ஓவராக்கினால்: மன்காட் டெஸ்டுக்கு ஏறத்தாழ 56 ஓவர். சோபர்ஸ் 39. இம்ரான் 37. போத்தம் 36. கபில் 35. ஃபிளின்டாஃப் 32. காலிஸ் 20.

ஒரு டெஸ்டில் அணி 180 ஓவர் வீசுகிறது என்று வைத்துக்கொண்டால், சோபர்ஸின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் மேல். அதாவது முழு பவுலர். விக்கெட்டுக்கு 92 பந்து என்பது மோசமான எண்ணாகத் தெரிந்தாலும், அணி அவரை முழு பவுலராகவே ஓட்டியிருக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கிறது. 1966 இங்கிலாந்துத் தொடரில் 722 ரன், 20 விக்கெட், 10 கேட்ச் என்று அவர் திருப்பிக் கொடுத்ததும் அப்படித்தான். காலிஸின் பங்கு பத்தில் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. பவுலிங் சராசரி சோபர்ஸைவிட மேல், விக்கெட் எடுக்கும் வேகமும் மேல், ஆனால் வேலை பாதி. என் தீர்ப்பு: காலிஸ் உலகின் மிகச் சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவர், கூடவே மிகச் சிறந்த நான்காவது-ஐந்தாவது பவுலர். அணிக்கு அவர் கொடுத்த மதிப்பு பல ‘உண்மையான’ ஆல்ரவுண்டர்களைவிட அதிகமாகவே இருக்கலாம். மதிப்பு வேறு, வகை வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் காலிஸ் பற்றிய சண்டை முடியவே மாட்டேன் என்கிறது.

பேட்டிங் பக்கமும் இதே கேள்விதான். முதல் ஏழு இடத்துக்குள் வழக்கமாக இறங்குகிறாரா? எட்டாம் இடத்துக்காரர் எவ்வளவு அடித்தாலும், அணி அவரை நம்பி பேட்டிங்கைத் திட்டமிடவில்லை. ஹேட்லி, பொல்லாக், அஸ்வின் மூவரும் இங்கேதான் பிரிகிறார்கள்.

ஒருநாளும் டி20யும்

குறைந்த ஓவர் ஆட்டத்தில் விதியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஒருநாள் ஆட்டத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் பத்து ஓவர், ஆகவே குறைந்தது ஐந்து பேர் வீசியாக வேண்டும். ஐந்தாவது பங்கான பத்து ஓவரை ஒரே ஆள் வழக்கமாக முடிப்பாரா, அல்லது இரண்டு மூன்று பேர் ஒப்பேற்ற வேண்டுமா? முடிப்பவர் ஆல்ரவுண்டர். 1999 உலகக் கோப்பையில் லான்ஸ் குளூஸ்னர் (281 ரன், 17 விக்கெட்), 2011இல் யுவராஜ் சிங் (362 ரன், 15 விக்கெட்) இருவரும் தொடர் நாயகன் ஆனது இந்த வேலையால்தான். யுவராஜ் அதற்கு முன்பும் பின்பும் பகுதிநேர பவுலர்தான். அந்தச் சில வாரங்களுக்கு முழு ஆல்ரவுண்டர். பட்டத்தைக் காலத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

டி20யில் சராசரியை மறந்துவிடலாம். பந்துக்குப் பந்து கணக்கு. ஆட்டங்கள் ஓவருக்கு 8.5 என்று ஓடும் தொடரில் ஒருவர் நான்கு ஓவரை 7.5இல் வீசினால் அணிக்கு 4 ரன் மிச்சம். அதே ஆள் 15 பந்தை 150 ஸ்ட்ரைக் ரேட்டில் (நூறு பந்துக்கு எடுக்கும் ரன்) ஆட, மற்றவர்கள் 135இல் ஆடினால், லாபம் இரண்டே கால் ரன். இரண்டையும் கூட்டுங்கள். ஒரு பக்கம் கழிந்தாலும் கூட்டுத்தொகை நேர்மறையாக இருந்தால் அவர் வேலை செய்கிறார். 2024 டி20 உலகக் கோப்பை இறுதியில் அக்சர் படேல் மேலே இறங்கி 31 பந்தில் 47 அடித்தார். பிறகு நான்கு ஓவரில் 49 கொடுத்து ஒரு விக்கெட். பந்தில் இழந்தார், பேட்டில் ஈட்டினார்; இந்தக் கணக்கில் இழப்பே பெரிது. ஆனாலும் இந்தியா ஏழு ரன்னில் வென்றது.

எந்த ஓவரை வீசுகிறார் என்பதும் முக்கியம். 7 முதல் 15 வரையிலான நடு ஓவரில் மட்டும் ஒளித்து வைக்கப்படுகிறவரின் எகானமி (ஓவருக்குக் கொடுக்கும் ரன்) அழகாக இருக்கும். பவர்பிளேயிலோ கடைசி நான்கிலோ ஒரு ஓவராவது நம்பிக் கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆட்டத்தின் நடுவே ஒருவரை மாற்றிக்கொள்ள விடும், 2023 முதல் ஐபிஎல்லில் வந்த இம்பாக்ட் பிளேயர் விதி இந்தச் சோதனையையே குலைத்துவிட்டது. ஐந்தாவது பவுலரை வெளியிலிருந்து கொண்டுவர முடிந்தால், பேட்டிங் ஆல்ரவுண்டருக்குப் பந்து கொடுக்கவேண்டிய கட்டாயம் எந்த கேப்டனுக்கு?

விக்கெட் கீப்பரும் ஆல்ரவுண்டர்தான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு, நியாயமும் உண்டு. குமார் சங்ககாராவின் டெஸ்ட் சராசரி கீப்பராக 40 சொச்சம், கையுறை இல்லாதபோது 66 சொச்சம். கீப்பிங்கின் சுமையை அந்த இடைவெளி சொல்கிறது. ஆனால் அணிக்கு ஒரு கீப்பர் எப்படியும் வேண்டும். அவர் ஓவர்ப் பங்கைக் குறைப்பதில்லை. தனி வரிசையில் வைத்துவிடலாம்.

உங்கள் அணிக்கு எப்படிப் பார்ப்பது?

ஸ்கோர் புத்தகத்திலிருந்து கடைசி 15 முதல் 20 ஆட்டங்களை எடுங்கள்; அதற்குக் குறைந்தால் ஒரே ஒரு பெரிய இன்னிங்ஸ் கணக்கைக் கெடுத்துவிடும். முதலில் ஓவர்ப் பங்கு: அணி வீசிய மொத்த ஓவரில் அவருடையது 18 சதவீதத்துக்கு மேல் என்றால் பவுலர், 12க்குக் கீழே என்றால் பகுதிநேரம், நடுவில் என்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள். எப்போது பந்து கிடைத்தது? ஆட்டம் முடிவான பிறகு வீசிய ஓவர்களை நீக்கிவிட்டு மறுபடி எண்ணுங்கள். பலருடைய பங்கு இங்கேயே சரிந்துவிடும்.

பிறகு பேட்டிங் இடமும் இன்னிங்ஸுக்கு ரன்னும். அணியில் உள்ள ஆறாவது சிறந்த பேட்ஸ்மேனோடு ஒப்பிடுங்கள், முதல்வரோடு அல்ல. பவுலிங்கில் நான்காவது சிறந்தவரோடு. அவர் போட்டி போடும் இடம் அதுதான். அதன்பின்தான் சராசரி வித்தியாசம். கடைசியாக, பேட்டிங் சிறந்த நாட்களும் பவுலிங் சிறந்த நாட்களும் தனித்தனியாக இருக்கின்றனவா, ஒரே ஆட்டத்தில் இரண்டும் வருகின்றனவா என்று பாருங்கள். நீண்ட ஸ்பெல் வீசிய நாளில் பேட்டிங் தொடர்ந்து சரிந்தால், பிரச்சினை திறமையில் இல்லை, உடம்பில் இருக்கிறது. இரண்டு இடம் கீழே இறக்கிப் பார்க்கலாம்.

வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று: ஆறாவது பேட்ஸ்மேனைவிடச் சற்று மோசமான, நான்காவது பவுலரைவிடவும் சற்று மோசமான ஒருவரை ‘சமநிலைக்காக’ என்று சேர்ப்பது. இரண்டு பக்கமும் பாதி ஓட்டை. அவருக்குப் பதிலாக முழு பேட்ஸ்மேனையோ முழு பவுலரையோ போட்டு, மீதி ஓவரைப் பகுதிநேரக்காரர்களிடம் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் மேல்.

வேகம் வீசும் ஆல்ரவுண்டர் என்றால் இந்தக் கணக்கை ஒவ்வொரு சீசனும் புதிதாகப் போட வேண்டும். முதுகெலும்பு, கணுக்கால், முழங்கால் என்று ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும், ஓவர்ப் பங்கு சத்தமில்லாமல் 20இலிருந்து 10க்கு இறங்கும், பெயர்ப் பலகை மட்டும் மாறாது. பங்கு 12க்குக் கீழே போன அன்றே அவரை பேட்ஸ்மேன்களின் பட்டியலுக்கு மாற்றி, அங்கே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வைத்துக்கொண்டு ஐந்தாவது பவுலரைத் தேடுங்கள். இல்லாவிட்டால் உடம்பு தேறும்வரை வெளியே.